அப்பாவின் மேசை லாச்சி: படம் கீறினால் மனம் ஆறுமா, இல்லை நான் சும்மா நாளைக் கடத்துகிறேனா?

உவர்மலைக்காரி
வெள்ளி, இரவு 11.48

வணக்கம். இவ்வளவு நாளும் வாசித்துவிட்டுப் போகிறவள் நான், எழுதுவது இதுதான் முதல் தரம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா போய் 8 மாதம். சந்தைப் பக்கம் 31 வருடம் மணிக்கூடு திருத்தினவர். ஒரு ஆள் மட்டும் இருக்கக்கூடிய கடை. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் குனிந்திருப்பார், வீதியால் போகிறவர்களுக்கு அவருடைய உச்சந்தலைதான் தெரியும். அந்தியேட்டி முடிந்த கையோடு கடையை ஒப்படைக்க வேண்டி வந்தது. மேசையைத் தம்பி விற்றுவிட்டான். லாச்சியை மட்டும் நான் இழுத்துக் கழற்றிக்கொண்டு வந்தேன். ஏன் என்று கேட்டிருந்தால் அப்போது பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

மூன்று மாதம் அது கட்டிலுக்குக் கீழே கிடந்தது. ஒரு இரவு நித்திரை வரவில்லை. லாச்சியை வெளியே இழுத்து, மேலே கிடந்த சாமணத்தை எடுத்து வைத்து, மகளின் பழைய சீ.ஆர் கொப்பியின் பின்பக்கத்தில் கீறினேன். நான் ஓ.எல்லில் சித்திரத்துக்கு 'எஸ்' எடுத்தவள். என் மாமரம் எல்லாம் கோவா மாதிரித்தான் இருக்கும். என்றாலும் கீறினேன்.

அன்றிலிருந்து இரவுக்கு ஒரு பொருள். கண்ணில் மாட்டுகிற லூப். தூசி ஊதுகிற ரப்பர் பந்து. ஊசி மாதிரி ஐந்து திருப்புளி. பிஸ்கட் ரின்னுக்குள் கழற்றிப் போட்ட முட்கள். ஒரு பற்சக்கரம், சின்னவிரல் நகத்தில் பாதிதான் வரும். பற்களை எண்ணாமல் அதைக் கீற ஏலாது. எண்ணினேன், 60. திரும்ப எண்ணினேன், 58. அந்த அரை மணித்தியாலமும் அப்பா இல்லை என்ற நினைப்பு வரவில்லை. லைட்டை நூர்த்த பிறகுதான் வந்தது. நன்றாக அழுதேன். பிறகு விடியும் வரை நித்திரை.

இப்போது 46 படம் ஆகிவிட்டது. தம்பி "பழசைக் கிண்டாதே, சாமான்களை ஆருக்காவது குடு" என்கிறான். அம்மா அந்தக் கொப்பி இருக்கிற பக்கமே வருவதில்லை. வேலை இடத்தில் ஒரு பிள்ளை "அக்கா, இது நல்ல தெரப்பி" என்றாள். எனக்கு எது என்று விளங்கவில்லை. கீறுகிற நாட்களில் அழுகை கூடத்தான் வருகிறது, குறையவில்லை. இது ஆறுகிற வழியா, இல்லை காயத்தைச் சொறிகிற பழக்கமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

டச்சுபே_காற்று
சனி, காலை 6.10

அக்கா, அந்தப் பற்சக்கரப் படத்தையாவது ஒருக்கால் போடுங்கோ. கோவா மாதிரி இருந்தாலும் பரவாயில்லை.

கணக்குப்பிள்ளை
சனி, காலை 9.32

அனுதாபங்கள், தங்கச்சி. உங்கள் அப்பாவிடம் நானும் பட்டரி மாற்றியிருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 'கலை மனதை ஆற்றும்' என்பது இப்போது கோவில் பிரசாதம் மாதிரி எல்லோர் கையிலும் இருக்கிறது. எட்டு மாதம் போயிருக்கிறது. காலம் செய்ததைப் பென்சிலின் பெயரில் வரவு வைக்கிறோமோ என்பதுதான் என் சந்தேகம். அரை மணித்தியாலம் மறப்பதற்குப் படமே வேண்டும் என்றில்லை. சீலா மீன் துண்டு போட்டாலும், பாங்க் புத்தகத்தில் பிழை தேடினாலும் மறக்கும். கலைக்கென்று தனியாக என்ன இருக்கிறது, யாராவது ஆதாரத்தோடு சொல்லுங்கள் பார்ப்போம்.

வெண்கட்டி
சனி, பிற்பகல் 2.05

34 வருடம் சித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். உவர்மலைக்காரி, உங்களுக்கு 'எஸ்' போட்டது நானாக இருந்தால் மன்னிக்கவும்.

கணக்குப்பிள்ளை ஆதாரம் கேட்கிறார், கேட்க வேண்டியதுதான். முதலில் அந்த 'ஆர்ட் தெரப்பி' என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். வைத்த ஆள் வைத்தியர் அல்ல, ஒரு நோயாளி. ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் 1938இல் காசநோய் வந்து சனற்றோரியத்தில் கிடந்தார். எழும்பி நடக்க விடமாட்டார்கள். கட்டிலில் படுத்தபடியே கண்ணுக்கு எட்டிய சாமான்களைக் கீறத் தொடங்கினார். தனக்கு அது பிடித்துப்போகவே மற்ற நோயாளிகளுக்கும் பழக்கினார். யுத்தத்தில் காயப்பட்டு வந்த சிப்பாய்களும் அதில் இருந்தார்கள். 1942இல் அவர் வைத்த பெயர்தான் அது. தங்கச்சி, நீங்கள் கட்டிலுக்குக் கீழே லாச்சியை இழுத்ததும் அதே வேலைதான்.

இரண்டாவது, ஆய்வு. 2016இல் அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் என்பவரின் குழு 39 பேரை 45 நிமிடம் களிமண், மாக்கர், ஒட்டுப்படம் என்று விரும்பியதைச் செய்ய விட்டது. முன்னும் பின்னும் உமிழ்நீரில் கோர்ட்டிசோல் அளந்தார்கள். அது உடம்பு நெருக்கடியில் சுரக்கிற ஹோர்மோன். முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. எனக்குப் பிடித்தது அடுத்த வரி: முன்பு கலைப் பழக்கம் இருந்ததோ இல்லையோ, பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எஸ் எடுத்தவர்களுக்கும் இடமுண்டு.

கணக்குப்பிள்ளை
சனி, பிற்பகல் 2.41

நன்றி டீச்சர். 39 பேர், ஒரே ஒரு நாள். பக்கத்து அறையில் இன்னொரு 39 பேரைச் சும்மா கதிரையில் இருத்தி அளந்தார்களா? இல்லையென்றால் ஆறுதல் படத்தால் வந்ததா, 45 நிமிடம் யாரும் தொந்தரவு பண்ணாததால் வந்ததா என்று எப்படிச் சொல்வது? மீதிக் கால்வாசிப் பேருக்குக் குறையவும் இல்லை. அப்புறம், கோர்ட்டிசோல் இறங்குவது வேறு, அப்பா போன துக்கம் ஆறுவது வேறு.

வெண்கட்டி
சனி, பிற்பகல் 3.15

இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இருக்கவில்லை. நீங்கள் சொல்வது சரி, அந்த ஆய்வு அவ்வளவு தூரம்தான் போகும். அதை வைத்துக்கொண்டு 'துக்கம் போய்விடும்' என்று யாராவது சொன்னால் நானும் உங்கள் பக்கம் வந்து நிற்பேன்.

இன்னொன்றையும் பிரித்து வைக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருந்து, மாதக்கணக்காக ஒரு நோயாளியோடு படத்தின் வழியாகக் கதைப்பது சிகிச்சை. நாங்கள் வீட்டில் கீறுவது சிகிச்சை அல்ல. அதற்குப் பெயர் வைக்கவே தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

நெறியாளர்
சனி, மாலை 5.00

'மூன்று நாளில் வர்ணங்களால் மனக்காயம் ஆற்றும் பயிற்சி, முற்பணம் மட்டும்' என்று வந்த பதிவை நீக்கியிருக்கிறேன். விளம்பரம் வேண்டாம். மற்றவர்கள் தொடருங்கள்.

கிண்ணியா_ராத்தா
சனி, இரவு 9.20

நான் படம் கீறுகிற ஆள் இல்லை, முகம் கீறுகிற வழக்கமும் எங்களுக்கு வீட்டில் இல்லை. என்றாலும் இதை வாசித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் உம்மா சுனாமியில் போனவ. 2004 டிசம்பர் 26. அந்தக் காலம் கிண்ணியாப் பாலமும் இல்லை, அது 2009இல்தான் திறந்தது. மையித்துத் தேடி ஃபெரியில் அங்கும் இங்கும் திரிந்த நாட்கள் பற்றி எழுத மாட்டேன்.

உம்மா பன்பாய் இழைக்கிறவ. பன்னை வெட்டிக் காயவைத்து, சாயத்தில் அவித்து, சிவப்பும் பச்சையுமாகக் கரை போட்டு இழைப்பா. எனக்கும் சின்ன வயதில் பழக்கினா, நான் பொறுமை இல்லாமல் விட்டுவிட்டேன். உம்மா போய் ஏழெட்டு வருடத்துக்குப் பிறகு, மகள் பிள்ளைத்தாச்சியாக இருந்த நேரம், பேரப்பிள்ளைக்கு ஒரு சின்னப் பாய் இழைப்போம் என்று இருந்தேன். தலைக்குள் ஒன்றுமே இல்லை, எல்லாம் மறந்துபோச்சு என்றுதான் நினைத்தேன். கை மறக்கவில்லை. ஒன்றுவிட்டு ஒன்று தூக்கி, இரண்டு விட்டு... விரல் தானாகப் போகுது.

முடித்து விரித்துப் பார்த்தால் வலது மூலையில் ஒரு பிழை. சிவப்பு வர வேண்டிய இடத்தில் பச்சை. ஐயோ என்று அவிழ்க்கப் போனேன். அப்போதுதான் நினைவு வந்தது: உம்மாவின் எல்லாப் பாயிலும் அதே மூலையில் அதே பிழை இருக்கும். அவவுக்கு அந்தத் திருப்பம் கடைசி வரை சரியாக வராது. நான் அவவின் பிழையையும் சேர்த்துப் படித்திருக்கிறேன்.

அன்றைக்குத்தான் நான் உம்மாவை நினைத்துச் சிரித்தேன். அதுவரைக்கும் அவவின் முகம் என்றாலே கடைசி நாள் முகம்தான் வரும். அதுக்குப் பிறகு இழைக்கிற முகமும் வந்தது. ஆறினதா என்று கேட்டால் தெரியாது மகள். அந்தப் பாயை நான் அவிழ்க்கவில்லை.

டச்சுபே_காற்று
சனி, இரவு 9.58

ராத்தா...

சல்லிப்_பொடியன்
ஞாயிறு, அதிகாலை 1.12

எனக்கு வேறு கதை. கலை கலை என்று எல்லோரும் சொல்லும்போது எரிச்சல் வருகிற ஆள் நான்.

2005 தொடக்கம், முகாமில் இருந்தோம். நான் சின்னப் பொடியன். ஒருநாள் ஒரு வாகனத்தில் ஆட்கள் வந்தார்கள். எந்த அமைப்பு என்று சொல்லப் போவதில்லை, சொல்லியும் பயனில்லை. பிள்ளைகளை வரிசையாக இருத்தி ஆளுக்கு ஒரு டிமைத் தாள், பன்னிரண்டு நிறப் பேஸ்டல் தந்தார்கள். புதுப் பேஸ்டல், அந்த மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது. "அலை வந்ததைக் கீறுங்கோ" என்றார் ஒரு அன்ரி. நான் பஸ் கீறினேன். சிவப்பு நிற சீ.ரீ.பி பஸ், கொண்டக்டரும் தொங்கிக்கொண்டு நிற்கிறார். அவ வந்து பார்த்துவிட்டு, "இது வடிவா இருக்கு, ஆனா அலையைக் கீறுங்கோ என்ன" என்று இன்னொரு தாள் தந்தா. பக்கத்தில் என் சிநேகிதன் நீலத்தால் தாள் முழுக்கத் தேய்த்து நடுவில் ஒரு கை வைத்திருந்தான். அவனை அந்தப் படத்தோடு நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். எனக்கும் போட்டோ வேண்டும். நானும் நீலத்தை எடுத்தேன்.

போட்டோ எடுத்தார்கள். போய்விட்டார்கள். திரும்ப வரவில்லை. பேஸ்டலையும் கொண்டுபோய்விட்டார்கள். அன்று இரவு தொடங்கி எனக்குக் கனவில் வந்தது கடல் இல்லை, அந்தத் தாள். பிறகு பள்ளியில் சித்திரப் பாடம் என்றால் வயிற்றுவலி என்று சொல்லிவிடுவேன்.

ஏ.எல் படிக்கும்போது நவராத்திரிக்குக் கும்பம் சோடிக்க ஆள் காணாது என்று பொடியங்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே ஒருவரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. "இந்தப் பக்கம் மஞ்சள் அடி" என்றார்கள், அவ்வளவுதான். அடித்தேன். இப்போது படகுகளுக்குப் பெயர் எழுதுகிறேன், காசும் வருகிறது. அலை இன்னும் கீறியதில்லை. கேட்டால் பஸ் கீறித் தருவேன்.

வெண்கட்டி
ஞாயிறு, காலை 7.30

தம்பி, வாசித்துவிட்டு அரை மணித்தியாலம் எழும்பி முற்றத்தில் நடந்தேன். அந்தப் பஸ்ஸுக்கு நான் 'ஏ' போட்டிருப்பேன்.

உங்களுக்கு நடந்தது பிழை என்று இன்று அந்தத் துறையே சொல்கிறது. அனர்த்தம் நடந்த சூட்டோடு ஆட்களை ஒரே அமர்வில் இருத்தி எல்லாவற்றையும் கொட்ட வைப்பதால் பயனில்லை, சிலருக்கு அது கெடுதலாகவும் முடியலாம் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைந்நூலும், நடந்ததைச் சொல்லச் சொல்லி யாரையும் வற்புறுத்த வேண்டாம் என்கிறது. சொன்னால் கேள், சொல்லாவிட்டால் பக்கத்தில் இரு. படத்துக்கும் அதுதான் சட்டம்.

நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் 1996இல், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்து களிமண்ணில் விளையாடுவார்கள், கதை கட்டுவார்கள், படம் கீறுவார்கள். ஒருநாள் வாகனத்தில் வந்து போகிற வேலை அல்ல அது.

இன்னும் பின்னால் போனால் ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ் என்ற ஓவிய ஆசிரியை. நாசிகள் அவரை 1942 டிசம்பரில் தெரேசின் முகாமில் அடைத்தார்கள். உள்ளே பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்தார். தாள் இல்லை, பழைய அலுவலகக் காகிதங்களின் பின்பக்கம்தான். முகாமைக் கீறு என்று நிர்ப்பந்திக்கவில்லை. கோடு இழுக்கப் பழக்கினார், பூச்சாடியைப் பார்த்துக் கீற விட்டார், வீட்டை நினைத்துக் கீற விட்டார். ஒவ்வொரு படத்திலும் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதம். அங்கே பிள்ளைகளுக்கு இலக்கம்தான் இருந்தது, அதனால். 1944 ஒக்டோபரில் அவரை அவுஷ்விற்சுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அதற்கு முன் இரண்டு சூட்கேஸ்களில் அவர் ஒளித்துவைத்த படங்கள் சுமார் 4,500. பிள்ளைகளில் பெரும்பாலானோர் தப்பவில்லை. படங்களில் பெயர்கள் இருக்கின்றன.

இதையெல்லாம் 'ஆற்றியது' என்று எழுத எனக்குக் கை வராது. அந்த ஒரு மணித்தியாலம் அந்தப் பிள்ளைகளுக்குப் பெயர் இருந்தது, அவ்வளவுதான் சொல்வேன்.

இரவு_ட்யூட்டி
ஞாயிறு, பிற்பகல் 12.50

தாதியாக வேலை, மனநலக் கிளினிக்கிலும் கொஞ்சக் காலம் இருந்தேன். உவர்மலைக்காரி அக்கா கேட்ட கேள்விக்கே யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை: கீறினால் அழுகை கூடுகிறதே, அது கெட்டதா?

அதுவே கெட்ட அறிகுறி அல்ல. 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், மனதை அழுத்துகிற சம்பவத்தைப் பற்றி எழுத விட்டார். நடந்ததையும் அப்போது பட்டதையும் சேர்த்து எழுதினவர்களுக்கு எழுதி முடித்த கையோடு மனநிலை இறங்கித்தான் இருந்தது. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் அவர்கள் வைத்திய நிலையத்துக்குப் போனது மற்றவர்களை விடக் குறைவு. எழுத்தும் படமும் ஒன்றல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அழுதால் பின்னுக்குப் போகிறோம் என்று அர்த்தம் இல்லை.

நான் பார்ப்பது வேறு. கீறி அழுத பிறகு நித்திரை வருகிறதா? வருகிறது என்கிறீர்கள். காலையில் எழும்பி வேலைக்குப் போகிறீர்கள், பிள்ளையைப் பார்க்கிறீர்கள். நல்லது. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் கீறி, ஒவ்வொரு தரமும் நிலைமை மோசமாகி, சாப்பாடு நித்திரை கெட்டு, 'நானும் போய்விட்டால் என்ன' என்ற எண்ணம் வந்தால் கொப்பியை மூடிவிட்டு ஆளைத் தேட வேண்டும். ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்கு வரலாம், இல்லை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுக்கலாம், 24 மணித்தியாலமும் ஆள் இருக்கும்.

'நீடித்த துயரம்' என்று இப்போது நோய்ப் பட்டியலிலும் ஒன்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் குறைந்தது 6 மாதம், அமெரிக்க மனநல வைத்தியர்களின் 2022 கைந்நூலில் பெரியவர்களுக்கு 12 மாதம். அந்த எண்களைப் பார்த்து எட்டு மாதம் ஆகிவிட்டதே என்று பயப்படாதீர்கள். மாதத்தை எண்ணி மட்டும் யாரும் அந்தப் பெயரை வைப்பதில்லை. அன்றாடம் நடக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

டொரண்டோவில்_திருமலையான்
ஞாயிறு, இரவு 8.44

இங்கே வெளியில் பனி கொட்டுகிறது, உள்ளே உங்கள் இழையை வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படிப்பிக்கும் தா. சனாதனன் இடம்பெயர்ந்தவர்களிடம், அவர்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவில் இருந்து கீறச் சொல்லிச் சேர்த்து 2011இல் நூலாக்கினார். அதைப் பார்த்த பிறகு நானும் பவர் ஹவுஸ் வீதிப் பக்கம் 83இல் எரிந்த எங்கள் வீட்டைக் கீறப் பார்த்தேன். முன் விறாந்தை வந்தது. சாமியறை வந்தது. குசினிக் கதவு உள்ளுக்குத் திறக்குமா வெளியிலா என்று தெரியவில்லை. கிணறு எந்தப் பக்கம் என்றும் சந்தேகம். அக்காவுக்குப் போன் எடுத்தேன். காணிப் பிரச்சினையில் நாலு வருடமாகக் கதை இல்லாத அக்கா. "கிணறு கிழக்கால. நெல்லி மரத்துக்கு இங்கால. உனக்கு எல்லாம் மறந்துபோச்சு" என்று ஏசினா. அது நெல்லி இல்லை, விளிம்பி மரம் என்று நான் சொன்னேன். இரண்டு மணித்தியாலம் சண்டை பிடித்தோம்.

அடுத்த ஞாயிறு அவவே எடுத்தா. இப்போது தரைப்படத்தில் மூன்றாவது திருத்தம் நடக்கிறது. மரம் இன்னும் தீரவில்லை.

கணக்குப்பிள்ளை
ஞாயிறு, இரவு 10.15

திருமலையானின் கதையில் ஆற்றியது படமா, போனா? ராத்தாவின் பாய் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் கடைசியில் ஆளோடு ஆள் கதைத்ததுதான் வேலை செய்திருக்கிறது. அப்படியென்றால் நேரே கதைத்துவிட்டுப் போகலாமே. எதற்கு இடையில் பென்சில்?

டொரண்டோவில்_திருமலையான்
ஞாயிறு, இரவு 10.31

நேரே எடுத்தால் என்ன கதைப்பது, அண்ணை? 'சுகமா' என்று கேட்டால் 'சுகம்' என்பா. அதோடு முடிந்தது. 'கிணறு எந்தப் பக்கம்' என்று கேட்டதால்தான் ஏச்சாவது கிடைத்தது.

வெண்கட்டி
ஞாயிறு, இரவு 10.50

கணக்குப்பிள்ளை, நீங்கள் யாருக்கும் எதுவும் கீறியதில்லையா, எழுதியதில்லையா? சும்மா கேட்கிறேன்.

கணக்குப்பிள்ளை
ஞாயிறு, இரவு 11.37

அம்மாவின் 31ஆம் நாளுக்கு அச்சடிக்கிற கல்வெட்டுக்கு, அதுதான் நினைவுப் புத்தகத்துக்கு, வெண்பா எழுதினேன். அது கலை இல்லை, கடமை. அச்சகம் 25ஆம் நாள் தா என்று நின்றது, எழுத ஆள் கிடைக்கவில்லை. ஏ.எல்லில் படித்த யாப்பை வைத்து ஐந்து இரவு இருந்தேன். இரண்டாம் அடியில் அம்மாவின் பெயர் வர வேண்டும், வந்தால் தளை தட்டுகிறது. பெயரை முதல் சீருக்குக் கொண்டுபோனேன், எதுகை போனது. மூன்றாம் இரவு அம்மாவை வீட்டில் கூப்பிடுகிற பெயரைப் போட்டுப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. ஐயர் பார்த்துவிட்டு, "வீட்டுப் பேர் அச்சில வாறது சரியில்லை" என்றார். அப்படியே போட்டேன்.

அந்த ஐந்து இரவும் நான் அழவில்லை, தளை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் அச்சகத்தில் ஈரமான தாளில் அந்தப் பெயரைப் பார்த்தபோது அங்கேயே கதிரையில் இருந்துவிட்டேன். அச்சுக்காரர் பிளேன்டீ வாங்கித் தந்தார்.

ஆனாலும் இதை ஆதாரமாக யாரும் எடுக்கக் கூடாது. ஒரே ஒரு ஆள், ஒப்பீட்டுக் குழு இல்லை.

சல்லிப்_பொடியன்
திங்கள், காலை 5.55

😂 அண்ணைக்கு ஒரு படகு பெயர் இலவசம்.

டச்சுபே_காற்று
திங்கள், காலை 6.20

கொஞ்சம் விலகி ஒன்று. நான் கோட்டைக்குள் கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியில் மரத்துக்குக் கீழே இருந்து கீறுகிற வழக்கம். ஒரு தரம் தேத்தண்ணி வாங்கித் திரும்பி வந்து பார்த்தால் மான் ஒன்று ஸ்கெச் கொப்பியின் மூலையைச் சப்பிக்கொண்டு நிற்கிறது. அது தின்ற படம்தான் அந்த மாதத்திலேயே நல்லது. வெளியில் கீறப் போகிறவர்கள் கவனம்.

உவர்மலைக்காரி
புதன், இரவு 10.22

எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தேன். ஆளாளுக்குத் தனியாகப் பதில் எழுத நினைத்தேன், ஏலவில்லை. நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

பற்சக்கரப் படத்தை இங்கே போடுவதற்காகக் கொப்பியைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். மகள் கூப்பிட்டாள் என்று எழும்பிப் போய்விட்டேன். திரும்பி வந்தால் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பிக்கு மேலே குனிந்து நிற்கிறா. எனக்குக் கை கால் ஓடவில்லை. அழப் போறா என்று நினைத்தேன்.

"இந்தச் சாமணம் பிழை" என்றா.

"என்ன பிழை?"

"நேராக் கீறி வச்சிருக்கிறாய். அதின்ர ஒரு நுனி இடப்பக்கம் வளைஞ்சது. கலியாணம் கட்டின வருஷம் நான்தான் அதால மீன் முள்ளு இழுத்து வளைச்சுப்போட்டன். மூண்டு நாள் என்னோட கதைக்கேல்லை உன்ர கொப்பா."

லாச்சியை எடுத்துவந்து பார்த்தோம். உண்மைதான், ஒரு மயிரளவு வளைவு. 46 நாளாக முன்னால் வைத்துக்கொண்டு நான் காணாத வளைவு. அம்மா என் பென்சிலை வாங்கி, நான் கீறினதற்கு மேலேயே நடுங்கி நடுங்கி ஒரு கோடு போட்டா. பிறகு பக்கத்தைப் புரட்டினா. லூப் சரியாம். ரப்பர் பந்தில் ஒரு வெடிப்பு விடுபட்டுப்போச்சாம். இப்படி இரவு ஒரு மணி மட்டும். அப்பா போன பிறகு அம்மா இவ்வளவு கதைத்து நான் கேட்கவில்லை. இடையில் அழுதாதான், நானும்தான். தாதித் தங்கச்சி, இருவரும் நன்றாக நித்திரை கொண்டோம்.

தம்பிக்குக் காலையில் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "லூப்பை மட்டும் எனக்கு எடுத்து வை" என்றான். விற்ற மேசையைப் பற்றி அவனும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று. லாச்சியின் அடியில், திருத்தி முடித்தும் ஆட்கள் வந்து எடுக்காத மணிக்கூடு ஆறு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய துண்டு. அப்பா பெயர் எழுதுகிற பழக்கம் இல்லை, ஆளைப் பார்த்தால் தெரியும் என்பார். 'பச்சைச் சேட்டுத் தம்பி', 'மூதூர் லோஞ்சுக்காரர்', 'லிங்கநகர் டீச்சர், வார் மட்டும்' என்று இப்படித்தான் இருக்கிறது. இவற்றைக் கீறாமல் வைத்திருந்தேன், மற்றவர்களின் பொருள் என்பதால்.

வெண்கட்டி
புதன், இரவு 10.40

லிங்கநகர் டீச்சரா? வார் என்ன நிறம்?

உவர்மலைக்காரி
புதன், இரவு 10.43

மண்ணிறம். தோல் வார், மூன்றாவது ஓட்டை கொஞ்சம் கிழிந்திருக்கிறது. ஏன் டீச்சர்?

வெண்கட்டி
புதன், இரவு 10.44

ஓடுதா?

உவர்மலைக்காரி
புதன், இரவு 10.51

சாவி கொடுத்தேன். ஓடுது. நாளைக்கு இரவு கீறிவிட்டுத்தான் தருவேன்.